அரை நாள் வேலைக்கு அரை உடம்பா?

இ.எஸ்.ஐ. அட்டையைப் பற்றி இலக்கியப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது, அது தொழிற்சங்கத்துக்காரர்கள் நோட்டீசில் போட வேண்டிய சங்கதி அல்லவா என்று ஒரு தோழர் கேட்டார். முதல் பதில் அவருக்குத்தான். நம்முடைய கதைகளிலும் கவிதைகளிலும் உடம்பு நிறைய இருக்கிறது. மலம் சுமந்த தலை, தோல் தைத்துக் காய்ப்பேறிய கை, பண்ணையத்தில் கூன் விழுந்த முதுகு என்று எழுதியிருக்கிறோம், இன்னமும் எழுதுவோம். அந்த உடம்புக்குக் காய்ச்சல் வந்தால் யார் செலவில் வைத்தியம், படுத்துக்கிடக்கும் பத்து நாளைக்கு யார் கூலி கொடுப்பது என்கிற கேள்வியை மட்டும் எதற்கு நோட்டீசுக்கு ஒதுக்க வேண்டும்? வலியைச் சொன்னால் இலக்கியம், மருந்தைக் கேட்டால் நோட்டீசு என்று பிரித்து வைத்தது யார்? நோயில் படுத்தாலும் சம்பளம் நிற்காத வீட்டில் பிறந்தவர்கள்தான் அப்படிப் பிரித்திருக்க முடியும். நமக்கு அந்தப் பிரிவினை தேவையில்லை.

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. வயது முப்பத்து நான்கு. தமிழில் எம்.ஏ. கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு அருந்ததியர் தெருவில் பிறந்தவள். தாத்தா பண்ணாடி தோட்டத்தில் கவலைக்குப் பறி தைத்தவர். அம்மா பதினேழு வருசமாகக் கான்ட்ராக்டில் தெருக் கூட்டுகிறவர். எனக்கு இயக்க வேலை இருக்கிறது, அம்மாவைப் பார்க்கிற வேலையும் இருக்கிறது. ஆகவே அரை நாள் வேலை போதும், ஆனால் இ.எஸ்.ஐ. இருக்க வேண்டும் என்று தீர்மானித்துத்தான் போன வருசம் தேடப் புறப்பட்டேன். அம்மாவையும் என் அட்டையில் சேர்த்துவிடலாமே என்பது கணக்கு.

முதலில் ஒரு ஜவுளிக்கடை. "ஃபுல் டைம்னாப் போட்டுக் குடுத்தரலாமுங்க. பார்ட் டைமுக்கு ஏதுங்க இ.எஸ்.ஐ.? அப்பிடிச் சட்டமே இல்லீங்க" என்றார் மேனேஜர். அடுத்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சாயங்காலம் ஐந்து மணி நேரம் சீட்டுப் போடுகிற வேலை. அடுத்தவர் நோய்க்குச் சீட்டுப் போடுகிறவளுக்கு நோய் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "இங்கயே பாத்துக்கலாமுங்க, பில்லுல பத்து பர்சென்ட் கொறச்சுக்குவோம்" என்று பதில் வந்தது. மூன்றாவது ஒரு டுட்டோரியல். அதன் உரிமையாளர் மரியாதையான மனுசன், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். இ.எஸ்.ஐ. என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "எம்.ஏ. படிச்சிருக்கீங்க, போயி இ.எஸ்.ஐ. கேக்கறீங்களேம்மா? அதெல்லாம் மில்லுக்காரங்களுக்கும் கூட்டறவங்களுக்கும் இருக்கறதுங்க." அதோடு நிறுத்தவில்லை. "ஆமா, உங்களுக்கு எந்த ஊருங்க? ஊருக்குள்ளயா, இல்லீனா இந்தப் பக்கமா?" கொங்கு நாட்டில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உடம்புக்குப் பாதுகாப்புக் கேட்டால் சாதியைக் கேட்கிறார்கள். கேட்கிறவள் இன்னாராகத்தான் இருப்பாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அந்த மேனேஜர் சொன்ன "சட்டமே இல்லீங்க" என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். பொய். 1948ஆம் வருசத்து தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தில் தொழிலாளி என்பவர் யார் என்றால், கூலிக்காக அந்த நிறுவனத்தின் வேலையிலோ, அந்த வேலையோடு சேர்ந்த வேலையிலோ வைக்கப்பட்டவர். எட்டு மணி நேரமா நாலு மணி நேரமா என்று அந்த வரையறை கேட்கவில்லை. நேராக வைத்த ஆளா, கான்ட்ராக்டர் மூலம் வந்த ஆளா என்றும் பார்க்கவில்லை. 1978இல் ஹைதராபாத் ராயல் டாக்கீஸ் வழக்கில், சினிமாக் கொட்டகையில் கேன்டீனிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் கான்ட்ராக்டர்கள் வைத்திருந்த ஆட்களும் கொட்டகையின் தொழிலாளர்களே, அவர்களுக்கும் கொட்டகைக்காரர்தான் பணம் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சொன்னவர் நீதிபதி கிருஷ்ணய்யர். 2025 நவம்பர் 21 அன்று பழைய சட்டம் போய் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் மாறினாலும், கான்ட்ராக்டர் மூலம் வந்த ஆளுக்கும் வேலை வாங்குகிறவரே முதலில் பணம் கட்டியாக வேண்டும் என்பது மாறவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2019 ஜூலை முதலான விகிதப்படி தொழிலாளி பங்கு கூலியில் 0.75 சதம், முதலாளி பங்கு 3.25 சதம். மாதம் 5,000 ரூபாய் வாங்குகிற அரை நாள் தொழிலாளி என்றால் அவள் பங்கு 38 ரூபாய், முதலாளி பங்கு 163 ரூபாய். ஒரு நாள் சராசரிக் கூலி 176 ரூபாய்க்குள் இருந்தால் தொழிலாளி ஒரு பைசாவும் கட்ட வேண்டாம், முதலாளி மட்டும் கட்டினால் போதும் என்றும் விதி வைத்தார்கள். முழு நாள் வேலைக்கு 176 ரூபாய்க் கூலி இன்று எங்கே இருக்கிறது? அரைக் கூலிக்காரர்களை மறந்துவிட்டு யாரும் அந்த விதியை எழுதியிருக்க முடியாது. அவர்களை மறந்துபோனது மேனேஜர்கள்தான். மறதி என்றுகூடச் சொல்லக் கூடாது, அது லாபம். மாதம் 12,000 ரூபாய் கூலி வாங்கும் நாற்பது பேருக்கு முதலாளி பங்கைக் கட்டாமல் விட்டால் மாதம் 15,600 ரூபாய் மிச்சம். வருசத்துக்கு 1,87,200. இந்தத் தொகைதான் நம் சனங்களின் காசநோய்க்கும் கர்ப்பப்பைக் கட்டிக்கும் போடப்பட்டிருக்கிற விலை.

இந்தச் சட்டம் எங்கே இருந்து வந்தது என்பதையும் நாம் மறந்துவிட்டோம். 1942இலிருந்து 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். ஆலைத் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீடு பற்றிப் பேராசிரியர் அதார்க்கர் 1943இல் பணியமர்த்தப்பட்டதும், 1944 ஆகஸ்டில் தம் அறிக்கையைக் கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான். 1948 ஏப்ரலில் அது சட்டமானபோது தொழிலாளர் அமைச்சர் பாபு ஜகஜீவன் ராம். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட இரண்டு பேர் அந்த நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்த வருசங்களில் உருவானது இது. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் முதலில் வந்த ஊர் சென்னை இல்லை, கோயமுத்தூர். 1955 ஜனவரி 23. சும்மா வரவில்லை. ரங்கவிலாஸ் மில் போராட்டத்தில் சின்னியம்பாளையத்துத் தோழர்கள் நான்கு பேர் 1946 ஜனவரி 8இல் கோவை மத்திய சிறையில் தூக்கில் தொங்கிய ஊர் இது. அந்த நான்கு உயிருக்கும் பிறகு ஒன்பது வருசம் கழித்து இந்த ஊரில் ஒரு மில் தொழிலாளி அட்டையைக் காட்டி வைத்தியம் பார்த்துக்கொள்ள முடிந்தது. சிங்காநல்லூரில் நிற்கிற இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தொழிலாளி காசு இருக்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது அதைத்தான் முழுக் கொரோனா ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். ஊருக்கு ஆபத்து வந்தால் அது எல்லோருக்கும் சொந்தம். ஆபத்துப் போனதும் "அது மில்லுக்காரங்களுக்கும் கூட்டறவங்களுக்கும்".

அதே மில்கள் இப்போது என்ன ஆயின? ரங்கவிலாஸ் உட்பட தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கோவை மில்களில் 2020 மார்ச் ஊரடங்கில் வேலை நின்றது. மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை அட்டையோடு வளர்ந்தான். இன்று அவன் மகள் கடையில் நிற்கிறாள், இன்னொருத்தன் பைக்கில் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறான். புதிய தொகுப்புச் சட்டம் இந்தச் சோறு சுமக்கிறவர்களின் பெயரைச் சொல்கிறது. கம்பெனிகள் வருட வரவில் ஒன்று முதல் இரண்டு சதம் வரை ஒரு நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் தொழிலாளி என்று மட்டும் அவர்களைச் சொல்ல மாட்டேன் என்கிறது. நிதி என்பது கொடுக்கிறவன் மனசு. தொழிலாளி என்று சொல்லிவிட்டால் அது உரிமை ஆகிவிடுமே!

இனி, சட்டம் இருந்தும் நம் கைக்கு வராமல் போவது எப்படி என்று பார்ப்போம். பத்துப் பேர் இருந்தால்தான் சட்டம். ஆகவே பதினெட்டுப் பேரை இரண்டு பெயரில் ஒன்பது ஒன்பதாகப் பிரித்து எழுதுவார்கள். நோய்க்கால உதவித்தொகைக்கு ஆறு மாதக் காலத்தில் 78 நாள் பணம் கட்டியிருக்க வேண்டும். ஆகவே ஒருத்தியை இரண்டு மாதம் பதிவில் வைத்து, பிறகு அவள் பெயரை எடுத்துவிட்டு நாத்தனார் பெயரைப் போடுவார்கள். கூட்டுவது என்னவோ அவளேதான். ஒரு தொழிலாளிக்கு ஆயுசுக்கும் ஒரே பத்து இலக்க எண்தான். ஆனால் கான்ட்ராக்ட் மாறும்போதெல்லாம் புதுசாக ஒரு எண் எடுத்து, பழைய எண்ணில் கட்டிய காசை அநாதையாக்கிவிடுவார்கள். எல்லாவற்றையும்விட எளிய வழி, முழு வேலையை வாங்கிக்கொண்டு அதற்குப் பகுதி நேரம் என்று பெயர் வைப்பது. காலை ஐந்தரை மணிக்குப் போய் மத்தியானம் ஒன்றரைக்கு வருகிற வேலை எந்தக் கணக்கில் பகுதி நேரம்? பள்ளிக்கூடக் கக்கூசு கழுவுகிறவள் பகுதி நேரம். அதே பள்ளிக்கூடத்தில் அவள் கழுவியதைச் சரியாகக் கழுவினாளா என்று பார்க்கிறவர் முழு நேரம். பகுதி நேர வேலைகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெருத் தெருவாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள். கடிகாரத்தைப் பார்த்து யாரும் அந்தப் பெயரை வைக்கவில்லை என்பது புரியும்.

அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊரைச் சொல்ல வேண்டாம், எந்த ஊரிலும் இதுதான் நடக்கிறது. குப்பையில் கிடந்த உடைந்த பாட்டில் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. இரண்டு நாள் துணியைச் சுற்றிக்கொண்டே கூட்டினார். மூன்றாம் நாள் கை வீங்கிக் காய்ச்சல். சம்பளத்தில் மாதா மாதம் பிடித்தம் உண்டு, ஆகவே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குக் கூட்டிப்போனேன். எண்ணைத் தட்டிப் பார்த்த ஊழியர், "இந்த நம்பருக்குப் பணமே கட்டலையேம்மா, அஞ்சு மாசமா ஒண்ணும் வரலை" என்றார். சூப்பர்வைசரிடம் போனேன். என் வயதுகூட இருக்காது அவனுக்கு. என் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "கை ஆற வரைக்கும் வேண்டாம். ஆனா எடம் காலியா இருந்தா வேற ஆளப் போட்ருவாங்க. உம் புள்ளைய அனுப்பி உடு" என்றான். புள்ளை என்று அவன் சொன்னது பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என்னைத்தான்.

பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பண்ணையத்தில் தாத்தாவுக்கு முடியாமல் போனால் பண்ணாடி வீட்டில் இருந்து ஆள் வருமாம். மருந்து கொண்டு வருகிற ஆள் இல்லை, "உன்ற பையனத் தாட்டி உடச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள். ஒரு உடம்பு விழுந்தால் அதே வீட்டில் இருந்து இன்னொரு உடம்பு. இதுதான் பண்ணையத்தின் நோய்க் காப்பீடு. கவலை போய் மோட்டார் வந்தது, பைக்காரா கரண்டு வந்தது, மில் வந்தது, கம்ப்யூட்டர் கம்பெனி வந்தது. அந்தச் சட்டம் மட்டும் கான்ட்ராக்டர் கையில் பத்திரமாக இருக்கிறது.

வேலை செய்யும்போது ஏற்பட்ட காயத்துக்கு 78 நாள் கணக்கு எதுவும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் கூலியில் 90 சதம் உதவித்தொகை உண்டு. முதலாளி பணம் கட்டாமல் ஏமாற்றியிருந்தால் தொழிலாளிக்குச் சேர வேண்டியதைக் கழகம் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் வசூலிக்கவும் சட்டத்தில் வழி இருந்தது. இதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய சூப்பர்வைசரும் சொல்லவில்லை, கவுன்டரில் இருந்தவரும் சொல்லவில்லை. மனு எழுதி, திரும்பவும் எழுதி, தோழர்களைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துதான் வாங்கினோம். எம்.ஏ. படித்த மகள் இருந்ததால் கிடைத்தது என்றால் அதை உரிமை என்று எப்படிச் சொல்வது? மகள் இல்லாதவர்கள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கூட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"ஏம்மா, அதான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கே" என்பார்கள். இருக்கிறது. 2009இல் கலைஞர் பெயரில் வந்து, 2012இல் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீடு ஆகி, இன்று குடும்பத்துக்கு வருசம் ஐந்து லட்சம் வரைக்கும் என்று இருக்கிறது. அதனால் பிழைத்த உயிர்கள் உண்டு, அந்த அட்டையைக் கேலி பேச மாட்டேன். ஆனால் அது ஆபரேசனுக்கான அட்டை. வாரக்கணக்கில் ஓடுகிற காய்ச்சலுக்கும், தோல் வெடிப்புக்கும், குப்பை மூட்டை தூக்கி வந்த இடுப்பு வலிக்கும் அதைக் காட்டி மாத்திரை வாங்க முடியாது. படுத்திருக்கிற நாளுக்கு அது கூலி தராது. இ.எஸ்.ஐ. தருகிறது, வருசத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதம். பிள்ளை பெற்றால் 26 வாரம் கூலி. காப்பீடு பெற்ற தொழிலாளியின் பிள்ளைக்கு இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிகளில் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. தெருக் கூட்டுகிறவளின் மகள் டாக்டர் ஆவதற்கு ஒரு கதவு அங்கே திறந்திருக்கிறது. அம்மாவின் பெயரை இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் பதிவில் இருந்து அடிக்கிறவன், மகளின் படிப்பையும் சேர்த்துத்தான் அடிக்கிறான்.

இரண்டு அட்டைக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. ஒன்றில் நாம் ஏழை, இன்னொன்றில் தொழிலாளி. ஏழைக்குக் கொடுப்பதைப் படம் போட்டுக் கொடுக்கலாம், தொழிலாளிக்குக் கொடுப்பதைப் பதிவேட்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்களே துப்புரவுத் தொழிலாளர்கள், அவர்கள் என்ன கேட்டார்கள்? எங்களைத் தனியாருக்குத் தள்ளாதே, நிரந்தரம் செய் என்று கேட்டார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் காலை உணவும் காப்பீடும் தருகிறோம் என்று அறிவிப்பு வந்தது. வேலையை எடுத்துக்கொண்டு இட்லி கொடுக்கிற ராஜதந்திரம் இது. கோவையிலும் 2022 அக்டோபரில் மாநகராட்சியின் கான்ட்ராக்ட் துப்புரவுத் தொழிலாளர்கள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ஊர் இரண்டு நாளில் நாறியது. அந்த நாற்றத்தில்தான் இந்த ஊருக்கு அவர்கள் முழு நேரத் தொழிலாளர்கள் என்பது தெரிந்தது.

உலகம் பூராவும் இந்தச் சூது நடக்கிறது. அமெரிக்காவில் வாரம் 30 மணி நேரம் வேலை செய்கிறவரை முழு நேரம் என்று சட்டம் சொல்கிறது. பெரிய முதலாளி காப்பீடு கொடுக்க வேண்டியது அவருக்குத்தான். முப்பதுக்குக் கீழே நிறுத்திவிட்டால் முதலாளிக்கு அந்தக் கடமை இல்லை. காபிக்கடைக் கம்பெனியான ஸ்டார்பக்ஸ் 20 மணி நேரக்காரர்களுக்கும் காப்பீடு கொடுக்கிறது என்பதை அங்கே பெரிய தருமமாகப் பேசுகிறார்கள். வைத்தியம் வேண்டும் என்பதற்காகக் காபி ஆற்றப் போகிறவர்கள் அங்கே உண்டு. பிரிட்டனில் வேறு வழி கண்டார்கள். நம் சட்டம் வந்த அதே 1948இல், ஜூலை 5 அன்று, என்ன வேலை எத்தனை மணி நேரம் என்று கேட்காமல் எல்லோருக்கும் வைத்தியம் என்று ஆரம்பித்தார்கள். இங்கேயும் 1946இல் போர் கமிட்டி, காசு கொடுக்க முடியாது என்பதற்காக ஒருவருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்று எழுதிக் கொடுத்தது. அதைத் தூக்கிப் பரணில் போட்டார்கள். அதார்க்கர் வழியில் தொழிலாளிக்கு மட்டும் என்று ஆரம்பித்தார்கள், பிறகு தொழிலாளி யார் என்பதையே வருசா வருசம் குறுக்கிக்கொண்டு வருகிறார்கள்.

கடைசியாக நம்மவர்களுக்கு. நிரந்தர வேலைக்காரர்களின் சங்கங்கள் கான்ட்ராக்ட்காரியை உறுப்பினராகச் சேர்க்கவே பல காலம் யோசித்தன. சேர்த்த பிறகும் போனஸ் பேச்சுவார்த்தையில் அவள் கடைசி வரி. தலித் இயக்கங்களோ இ.எஸ்.ஐ.யைச் சில்லறைச் சலுகை என்று நினைக்கின்றன. 2009இல் 3 சதம் உள் ஒதுக்கீடு பெற்றோம், 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றம் உட்பிரிவு செல்லும் என்றது, கொண்டாடினோம், சரிதான். ஆனால் அரசு வேலையே கான்ட்ராக்டாகக் கரைந்துகொண்டிருக்கும்போது அந்த 3 சதத்தை எதில் எண்ணுவது? ஒதுக்கீடு கேட்கிற வாய் பதிவேட்டையும் கேட்க வேண்டாமா? சிலை வைக்க இடம் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். அந்தச் சிலைக்காரர் தொழிலாளர் துறை நாற்காலியில் இருந்த நாளில் முளைத்ததைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்களே, அதைப் பார்த்துக்கொண்டு மாலை மட்டும் போடுவதா?

ஆகவே இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் தங்கள் தெருவில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. கூட்டப் போகிற, பாத்திரம் கழுவப் போகிற, கடையில் நிற்கப் போகிற ஒவ்வொருத்தியிடமும் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். பிடித்தம் இருந்தால் பத்து இலக்க எண் எங்கே என்று கேளுங்கள். எண் இருந்தால் அதில் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஏறவில்லை என்றால் கான்ட்ராக்டரிடம் போய்க் கெஞ்ச வேண்டாம். வேலை வாங்குகிற நிறுவனத்தின் பெயரைப் போட்டு, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருகிறோம் என்று எழுதி, பத்துப் பேராகக் கையெழுத்துப் போட்டு இ.எஸ்.ஐ. கழகத்துக்கு அனுப்புங்கள். கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கட்டும், அந்தக் கட்டை விரல்கள்தான் இந்த ஊரைக் கூட்டுகின்றன. அப்போதும் "பார்ட் டைமுக்கு ஏதுங்க" என்று யாராவது சொன்னால், அரை நாள் வேலைக்கு எங்கள் வீட்டில் இருந்து அரை உடம்பையா அனுப்பினோம் என்று கேளுங்கள்.